நமக்குப் பிடித்த செய்தியையும் விசாரிப்போம்

(வேப்பந்தட்டையில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரை)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

 

சென்ற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹவுளின் அருகில் நின்றிருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "ஹஜ்ரத், நம்மவர்களுக்கு நடக்கும் அநியாயத்தைப் பாருங்கள்" என்றார். ஒரு நிமிடக் காணொளி அது. எந்த ஊரில் நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, அடிப்பவர் யார், அடிபடுபவர் யார் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. "இதை உமக்கு யார் அனுப்பினார்?" என்று கேட்டேன். "மச்சான்" என்றார். "அவருக்கு?" "துபாயில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் குரூப்பில் வந்ததாம்." "அந்தக் குரூப்பில் போட்டவருக்கு?" பதில் இல்லை. "தம்பி, அறிவிப்பாளர் தொடர் இங்கேயே அறுந்துவிட்டதே!" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் அடுத்து அவர் கேட்ட கேள்வியை ஒரு வாரமாக என்னால் ஒதுக்கி வைக்க முடியவில்லை. "அவர்கள் நம்மைப் பற்றிப் பரப்பும் பொய்களுக்கு யார் தொடர் கேட்கிறார்கள் ஹஜ்ரத்? நாம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?"

இது கோபத்தில் பிறந்த கேள்வி என்றாலும் வீண் கேள்வியன்று. இன்று நம் நாட்டில் அரசியல் பேச்சு இரு கரைகளாகப் பிரிந்து நிற்கிறது. டீக்கடையிலும் பேருந்திலும் திருமண வீட்டுப் பந்தியிலும் ஒரு செய்தியைச் சொன்னவுடன், அது உண்மையா என்று எவரும் கேட்பதில்லை. சொன்னவர் எந்தப் பக்கம் என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே அந்த வாலிபரின் கேள்விக்கான பதிலையே இன்றைய உரையாக ஆக்கிக் கொள்கிறேன்.

முதல் பதில் திருமறையில் இருக்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் ஈமான் கொண்டோரை நீதியில் நிலைத்து நிற்கும்படியும், அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்லும்படியும் கட்டளையிடுகிறது. அந்தச் சாட்சி தமக்கோ, தம் பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சரியே என்கிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனமோ, ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை அநீதிக்குத் தள்ளிவிடக் கூடாது என்ற கருத்தைக் கூறுகிறது. எதிர்த் தரப்பினர் நீதியாக நடந்தால் நீங்களும் நடவுங்கள் என்ற நிபந்தனை இவ்விரு வசனங்களிலும் இல்லை. நம் சாட்சி அல்லாஹ்வுக்காக. அவர்கள் பொய் சொல்வதால் நம்முடைய கடமை நம்மை விட்டு நீங்கிவிடாது.

ஆனால், "ஹஜ்ரத் வசனம் சொல்லி வாயை அடைத்துவிட்டார்" என்று அவர் எண்ணிவிடக் கூடாது. எனவே இன்னும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மதரஸாவில் ஹதீஸ் கலை ஓதியபோது எங்கள் உஸ்தாது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஆரம்ப காலத்தில் மக்கள் அறிவிப்பாளர் தொடரைக் கேட்பவர்களாக இருக்கவில்லை. ஃபித்னா தோன்றிய பிறகே, உங்களுக்கு அறிவித்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். இதைக் கூறியவர் தாபிஈன்களில் பெரியவரான இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹின் முன்னுரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஃபித்னா என்று இங்கே சொல்லப்பட்டது எதை? ஹள்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ஷஹீதாக்கப்பட்டதைத் தொடர்ந்து இந்தச் சமுதாயம் அரசியலால் பிளவுண்ட காலத்தை. ஆளுக்கொரு தலைவர், ஆளுக்கொரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தோதான செய்திகள். அதாவது, நாம் இன்று நிற்பது போன்ற ஒரு நிலை. அந்தப் பிளவின் நடுவிலிருந்துதான் உலகமே வியக்கும் 'இஸ்னாத்' என்ற ஏற்பாடு வலுப்பெற்றது. அரசியல் பிளவு ஏற்பட்டபோது நம் முன்னோர் விசாரணையைக் கைவிடவில்லை. அப்போதுதான் அதை இறுக்கிப் பிடித்தார்கள்.

எப்படிப் பிடித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். காரிஜிய்யாக்களின் கொள்கையைச் சார்ந்தவர் என்று அறியப்பட்ட இம்ரான் இப்னு ஹித்தான் என்பவரின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் இடம் பெற்றிருக்கிறது. அவரது கொள்கையை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஏற்றவர்கள் அல்லர். எனினும் ஒருவரின் கட்சி வேறு, அவர் நாவின் உண்மை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மறுபக்கம், இமாம் புகாரியின் ஆசிரியர்களில் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்களின் சொந்தத் தந்தையைப் பற்றி வினவப்பட்டது. வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று முதலில் தவிர்த்துப் பார்த்தார்கள். மீண்டும் வற்புறுத்தப்பட்டபோது, இது மார்க்கம், என் தந்தை அறிவிப்பில் பலவீனமானவர் என்று கூறிவிட்டார்கள். எதிர் அணியில் இருப்பவரின் உண்மையை ஏற்கிறார்கள். வீட்டில் இருப்பவரின் பலவீனத்தை மறைக்காமல் சொல்கிறார்கள். இந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கும் சமுதாயம், மச்சான் அனுப்பினார் என்பதற்காக ஒரு காணொளியை நம்பலாமா?

மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். கஸ்ஸான் கூட்டத்தார் படையெடுத்து வருவார்கள் என்று ஊரே அஞ்சிக் கொண்டிருந்த நாட்கள் அவை. ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் கதவை ஓர் இரவில் அவர்களுடைய அன்ஸாரித் தோழர் தட்டினார். கஸ்ஸானியர் வந்துவிட்டார்களா என்று உமர் (ரலி) கேட்டார்கள். அதைவிடப் பெரிய செய்தி, நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரை விவாகரத்துச் செய்துவிட்டார்கள் என்றார் அவர். பள்ளிவாசலுக்குச் சென்றால், மிம்பரைச் சுற்றி மக்கள் அழுது கொண்டிருக்கிறார்கள். நம்பத் தகுந்த தோழர் சொன்ன செய்தி, ஊரே அழுகிறது, தம் சொந்த மகள் ஹஃப்ஸா (ரலி) சம்பந்தப்பட்ட விஷயம். அப்படியும் உமர் (ரலி) அவர்கள் அதோடு நிற்கவில்லை. நபி (ஸல்) அவர்களைச் சந்திக்க அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. மீண்டும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மூன்றாம் முறை அனுமதி கிடைத்ததும் நேரடியாகவே கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. 'அல்லாஹு அக்பர்' என்று முழங்கி, பள்ளிவாசலின் வாயிலில் நின்று உண்மையை ஊருக்கு அறிவித்தார்கள். ஊர் முழுவதும் ஒரே செய்தியைச் சொல்லி அழுவதால் அது உண்மையாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கூறப்பட்ட செய்தியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. நபியவர்களின் துணைவியரில் அன்னை ஆயிஷாவுக்குச் சமமாகப் போட்டியிடும் நிலையில் இருந்தவர் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். ஆயிஷாவைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் ஸைனபிடம் விசாரித்தபோது, என் செவியையும் பார்வையையும் காத்துக் கொள்கிறேன், நல்லதைத் தவிர வேறெதையும் நான் அறியவில்லை என்ற கருத்தில் பதில் அளித்தார்கள். அவர்களின் சகோதரி ஹம்னாவோ, அக்காவின் பக்கம் நிற்பதாக எண்ணிக் கொண்டு அவதூறில் வீழ்ந்துவிட்டார். போட்டிக்கு உரியவர் நாவைக் காத்துக் கொண்டார். அவருக்காகப் பரிந்து பேசியவர் அழிவில் சிக்கினார். இன்று தலைவர்கள் ஒரே மேடையில் கை குலுக்கி நிற்க, அவர்களுக்காக நம் வீட்டுச் சிறுவர்கள் கைப்பேசியில் ஒருவரையொருவர் ஏசுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஹம்னாவின் நிலைதான் நினைவுக்கு வருகிறது.

சகோதரர்களே! பொய்ச் செய்தியால் காயப்பட்டவர்கள் நாம். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் பெயரைச் சொல்லி, நோயைப் பரப்பும் கூட்டம் என்று ஒரு சமுதாயமே தூற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, ஜமாஅத்தில் வந்திருந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும், பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும் அத்தீர்ப்பு கூறியது. இதை நாம் மேடைதோறும் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதே அமர்வின் மற்றொரு நீதிபதி, முடிவை ஏற்றுக் கொண்டு, தீர்ப்பில் கூறப்பட்ட சில கருத்துகளில் தாம் உடன்படவில்லை என்று குறிப்பிட்டதை நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? அதைச் சொல்வதால் வழக்கு ரத்தானது மாறிவிடுமா? மாறாது. முழுமையாகச் சொல்பவரைத்தான் எதிரே இருப்பவர் நம்புவார்.

பொய்யால் காயப்பட்டவர்கள் நாம் மட்டுமல்லர். 2018-ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் வதந்தி பரவிய நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பத்தினரை ஒரு கூட்டம் தாக்கியது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்கள் கொலைகாரக் கூட்டத்தார் அல்லர். தம் பிள்ளைகளைக் காப்பதாக நம்பிய சாதாரணக் கிராமத்து மக்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த கைகலப்பு, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களிடையே நடந்த தகராறு என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் தமிழர் அனைவரும், இந்து முஸ்லிம் என்ற பேதமின்றி, செய்யாத குற்றத்துக்குப் பதில் சொல்லும் நிலையில் நின்றோம். ஊரும் தேதியும் இல்லாத காணொளி என்ன செய்யும் என்பது நமக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம் வேப்பந்தட்டை வட்டத்திலேயே உள்ள வி.களத்தூர் விஷயம். அங்குள்ளவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். ஆகவே இதைப் பேசும்போது என் நா கனக்கிறது. ஆனாலும் நம் உறவுக்குப் பாதகமாக இருந்தாலும் சாட்சி சொல்லச் சொல்லும் வசனத்தை ஓதிவிட்டு, அடுத்த மாநிலத்து உதாரணத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் அது நேர்மையாகாது.

அவ்வூரின் கோயில் ஊர்வலங்கள் எந்தத் தெரு வழியாகச் செல்வது என்ற வழக்கில், 2021 ஏப்ரல் 30 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் கிருபாகரன், வேல்முருகன் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. 2011 வரை எதிர்ப்பின்றி ஊர்வலங்கள் நடந்து வந்ததையும், 2012 முதல் முஸ்லிம்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்ததையும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. சாலைகளும் தெருக்களும் எல்லா மதத்தாருக்கும் பொதுவானவை, ஒரு பகுதியில் ஒரு மதத்தார் பெரும்பான்மையாக இருப்பது மற்றவரின் ஊர்வலத்தைத் தடுக்கக் காரணமாகாது என்று நீதிமன்றம் கூறியது.

இச்செய்தி பரவியபோது ரமளானின் கடைசிப் பத்து நாட்கள். கொரோனாவின் இரண்டாவது அலையால் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டிருந்தன. ஜும்ஆ இல்லை, மிம்பர் இல்லை. ஆளுக்கொரு கைப்பேசி மட்டும் இருந்தது. ஒரு கிராமத்துத் தகராறு, நாடு முழுவதும் ஒரு சமுதாயத்தின் மீதான குற்றச்சாட்டாகப் பரவியது. நம் பக்கத்தில் வேறொரு கதை ஓடியது. தீர்ப்பே நம் மார்க்கத்துக்கு எதிரானது, நம்மை ஒடுக்குவதற்காக எழுதப்பட்டது என்று உணர்ச்சி பொங்கப் பேசிய ஒரு குரல் பதிவு எனக்கும் வந்தது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! பேசியவர் யார் என்று தெரியாமலேயே அதை நான் இருவருக்கு அனுப்பிவிட்டேன். இஸ்னாத் பாடம் நடத்துகிறவன் செய்த காரியம் இது.

பெருநாள் கழிந்த பிறகு, எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு தீர்ப்பைப் படித்துப் பொருள் கேட்டேன். அதில் ஓர் இடத்தில் நான் நிறுத்தச் சொன்னேன். ஒரு பகுதியில் அதிகமாக இருப்பவர்கள் மற்றவரைத் தடுக்கலாம் என்ற வாதத்தை ஏற்றுக் கொண்டால், நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் சிறுபான்மையினர் தம் விழாக்களையும் ஊர்வலங்களையும் நடத்தவே முடியாமல் போய்விடும் என்ற கருத்து அங்கே எழுதப்பட்டிருந்தது. நம்மைக் காக்கும் வாதம் அது. நம்மை ஒடுக்குவதாகச் சொல்லப்பட்ட தீர்ப்புக்குள்ளேயே அது இருந்தது. குரல் பதிவில் பேசியவர் அதைச் சொல்லவில்லை. அத்தீர்ப்பைக் காட்டி நம்மைத் தூற்றியவர்களும் அதைச் சொல்லவில்லை. இரு தரப்பாருக்கும் அது தேவைப்படவில்லை.

அதே 2021-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், ஹரியானாவின் குருகிராமில் திறந்தவெளியில் ஜும்ஆ தொழுவதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. இது எங்கள் பகுதி, இங்கே தொழக்கூடாது என்றார்கள். அதைக் கண்டு நாம் வேதனைப்பட்டோம். அது நியாயமான வேதனை. அங்கேயும் இந்துச் சகோதரர் ஒருவர் தம் கட்டடத்தில் தொழ இடம் தர முன்வந்தார், குருத்வாரா நிர்வாகத்தினரும் இடம் தர முன்வந்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இப்போது உங்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். குருகிராமில் 'எங்கள் பகுதி' என்ற சொல் அநீதி என்றால், நம் வட்டத்தில் அதே சொல் எப்படி நீதியாகும்?

ஊர்வலத்தின்போது பள்ளிவாசலின் முன் வேண்டுமென்றே கோஷமிடுவார்களோ, தொழுகைக்கு இடையூறு வருமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கலாம். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பல ஊர்களில் அப்படிக் கசப்பான அனுபவங்கள் உண்டு. தொழுகை நேரத்தைச் சொல்லி, அமைதிக் கூட்டத்திலும் வட்டாட்சியரிடமும் காவல்துறையிடமும் பேசி ஏற்பாடு செய்து கொள்ளலாம். நடந்ததை நடந்தபடி, தேதியோடு, சாட்சியோடு எழுதிக் கொடுக்கலாம். தெருவே உமக்கில்லை என்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

அந்நிஸா அத்தியாயத்தின் 105 முதல் உள்ள வசனங்கள் இறங்கிய பின்னணியைத் தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. முஸ்லிம் குடும்பம் ஒன்றைச் சார்ந்தவன் ஒரு கவசத்தைத் திருடிவிட்டுப் பழியை ஒரு யூதர் மீது போட்டான். அவனுடைய உறவினர்கள் திரண்டு வந்து, எங்கள் ஆள் நல்லவர் என்று அவனுக்காக வாதாடினார்கள். அன்றைய மதீனாவில் யூதர்களோடு இருந்த உறவு எத்தகையது என்பதை அறிவீர்கள். அரசியல் ரீதியாகப் பார்த்தால், உண்மையை மூடி மறைப்பது முஸ்லிம்களுக்கு லாபம். ஆனால் அந்த யூதரின் நிரபராதித்தனத்தை நிலைநாட்ட வானத்திலிருந்து வசனம் இறங்கியது. மோசடிக்காரர்களுக்கு வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்களுக்கே அறிவுறுத்தப்பட்டது. தாய்மார்களே, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நிகழ்ச்சியைக் கதையாகச் சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அவர்களை அழைத்துச் செல்கிறோம். கோட்டை, நவாப், போர் என்றவுடன் இந்து முஸ்லிம் சண்டை என்று அவர்கள் மனத்தில் ஒரு படம் விழுந்துவிடுகிறது. 1751-இல் அங்கே நடந்த போரில் ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாஹிப், மறுபக்கம் ஆங்கிலேயர் துணையோடு முஹம்மது அலி. ஆட்சிக்காக மோதிய இருவருமே முஸ்லிம்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் வியப்படைவார்கள். வியப்படையட்டும். கேள்வி கேட்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

நம் வீடுகளில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தலாம். மகன் ஒரு செய்தியைக் காட்டினால், தாயார் முதலில், "யார் சொன்னது? எந்த ஊர்? எந்த நாள்?" என்று கேட்கட்டும். அந்தச் செய்தி நம் நெஞ்சைக் குளிர வைத்தால் இருமுறை கேட்கட்டும். ஏனெனில் கசக்கும் செய்தியை நாம் தானாகவே விசாரிப்போம். இனிக்கும் செய்தியைத்தான் விசாரிக்காமல் விழுங்குகிறோம். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒரு மனிதன் பொய்யன் என்பதற்குப் போதுமான சான்று என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமின் அதே முன்னுரையில்தான் இருக்கிறது. தவறாக ஒன்றை அனுப்பிவிட்டால், அழிப்பதோடு விட்டுவிடாமல், அனுப்பியவர்களுக்கெல்லாம் அது தவறு என்று சொல்லுங்கள். அந்தக் குரல் பதிவை அனுப்பிய இருவரிடமும் நான் சொன்னேன். ஒருவர் மனம் விட்டுச் சிரித்தார், மற்றவர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு, முத்தவல்லி அவர்களின் அனுமதியோடு, களத்தூர்த் தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் நம் பள்ளிவாசல் கூடத்தில் அந்த வழக்கறிஞர் வாசித்து விளக்குவார். அவர் முஸ்லிம் அல்லர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னது தவறு என்று எண்ணுபவர்கள் அவசியம் வாருங்கள். உங்கள் வாதத்தைக் கொண்டு வாருங்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் கொண்டு வாருங்கள்.

தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட வாலிபர் புதன்கிழமை இஷாவுக்குப் பின் என்னைச் சந்தித்தார். "ஹஜ்ரத், மச்சானிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. குரூப்பிலேயே எழுதிக் கேட்டேன். இது எந்த ஊர், எந்தத் தேதி என்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன்."

"என்ன சொன்னார்கள்?"

"என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்."

அல்லாஹ் அவருடைய அந்த ஒரு வரிக்கு நிறைவான நற்கூலியை வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.